பாப்பா விக்கச் சொன்ன லென்ஸ்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். ஊட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா? பாப்பா லொகேஷன் அனுப்பிச்சுட்டாளா, அப்பச் சரி. நான் வழி சொல்லியிருந்தா நீங்க இந்நேரம் அன்னூர்ல நின்னுட்டு இருப்பீங்க. உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், அது ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. நான் நின்னுக்கறனுங்க, எனக்கு உக்காந்து பேச வராது.

பொள்ளாச்சியில இருந்தா வர்றீங்க? இந்த ஒரு லென்ஸுக்காகவா? சரிதான். நானும் இப்படி அலைஞ்சவந்தானுங்க. ஊட்ல யாரும் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரி பூங்கொடியும் பாப்பாவும் சரவணம்பட்டிப் பக்கம் ஷட்டில் மேட்சுக்குப் போயிருக்காங்க. நீங்க போன்ல பேசுனது என்ற பொண்ணுகிட்டத்தான், தாரணி. பிளஸ் ஒன் படிக்கறா, ஷட்டில் ஆடறா. இன்னைக்கு மத்தியானம் பைனலு. நானும் போகோணும். இந்த லென்ஸை வித்தாத்தான் போக முடியும். ஏன்னு இப்பக் கேக்காதீங்க, சொல்றேன். காப்பி வெக்கட்டுங்களா? வேண்டாமா? மோர் இருக்குது. அதுவும் வேண்டாமா? சரி.

இதுதானுங்க லென்ஸு. மொதல்ல கையில வாங்கிப் பாருங்க. ரெண்டு கையிலயும் வாங்குங்க, ஒத்தைக் கைக்கு அடங்காது. கனம் தெரியுதுங்களா? பாக்கறவங்க எல்லாரும் கனம் கனம்னுதான் சொல்லுவாங்க. கனத்துக்குப் பயந்தா இந்தப் பக்கமே வரக்கூடாதுங்க, உள்ள பூராக் கண்ணாடி. ஃபாஸ்ட் லென்ஸ்னு சொல்றாங்க பாருங்க, பூங்கொடி ரொம்ப நாளா இது வேகமாப் படம் எடுக்கும்னு நெனச்சுட்டு இருந்தா. வேகம்ங்கறது வெளிச்சத்துக்காகச் சொல்றதுங்க. இருட்டு மண்டபத்துல இருக்கற சித்த வெளிச்சத்தையும் வாரி உள்ள எடுத்துக்கும். ஃபிளாஷே வேண்டாம், ஓடற ஆளை நிக்கறாப்பல புடிச்சுப்போடலாம். உங்க பொண்ணு பரதம் ஆடறான்னு பாப்பா சொன்னா. அங்கயும் வெளக்கை அணைச்சுருவாங்க, ஃபிளாஷ் அடிக்க உட மாட்டாங்க. அப்ப இது வேணும்தானுங்க. வேணும். ஆனா வாங்கலாமான்னு கேட்டீங்கன்னா, அது வேற பேச்சு.

வெளம்பரத்துல போட்ட படம் உங்க போன்ல இருக்குதுங்களா? காட்டுங்க, நான் இன்னும் பாக்கல. அட, பாருங்க தம்பி. எங்கெங்க கீறல் இருக்குதோ அங்கெல்லாம் செகப்பு வட்டம் போட்டு வெச்சிருக்கா. இங்க ரப்பர்ல ஒண்ணு. இங்க பெயிண்ட் போனது. இது என்ன, உள்ள தூசியா? இந்தத் தூசி எனக்கே தெரியாதுங்க. விக்கற பொருளோட குறையை முன்னாடியே எடுத்துச் சொல்லிப்போட்டா. யாரு இப்படிப் பண்ணுவாங்க, சொல்லுங்க. எங்கிட்ட இருந்து வந்த பழக்கம்ங்க அது.

நான் பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருக்கறேன். குழந்தைவேலுன்னு சொன்னா கணபதிப் பக்கம் பட்டறைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். பவுண்டரியில இருந்து பம்பு பாடி வார்த்து வரும். மேல பாத்தா வழவழன்னு இருக்கும். உள்ள காத்துப் பூந்து ஓட்டை இருக்கும். டார்ச் அடிச்சுப் பாத்து, குறை இருக்கற எடத்துல செகப்புப் பெயிண்ட்ல வட்டம் போடறதுதான் என்ற வேலை. வட்டம் போட்டது மறுபடி உருக்கறதுக்குப் போயிரும். நான் போட்ட வட்டம் தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லீங்க.

எங்க உட்டேன்? ஆமா, லென்ஸு. இதுக்கு முன்னாடி கேமராகூட வந்த சின்ன லென்ஸுதானுங்க எங்கிட்ட இருந்துச்சு. பாப்பா ஆட ஆரம்பிச்சதுல இருந்து அதுலதான் எடுத்தேன். ஒரு படம் உருப்படியா வந்ததில்லை. அந்த உள்கோர்ட்டுல மேல நாலு டியூப் லைட்டு, அதுல ரெண்டு மினுக்கும். பாப்பா எகிறி அடிச்சா படத்துல ஒரு பச்சைப் புகை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அவ அதைப் பாத்துட்டு உளுந்து உளுந்து சிரிப்பா. "அப்பா, இது நானு இல்ல, என்ற ஆவி"ம்பா. வரும்போது வண்டிக்குப் பின்னால உக்காந்துட்டு, "அந்தப் பச்சைப் புகை எந்த பாயிண்ட்டு தெரியுமா, நான் மெதுவாத் தட்டி வலைக்கு அந்தப் பக்கமே உளுக வெச்சனே, அது"ன்னு ஆரம்பிச்சான்னா ஊடு வர்ற வரைக்கும் உடமாட்டா. ஒவ்வொரு பாயிண்ட்டா வாயிலயே ஆடிக் காட்டுவா. ஊட்டுக்கு முன்னாடி வண்டியை நிறுத்துனப்பறமும் எறங்காம உக்காந்து பேசிட்டு இருப்பா. பாவம், படம் நல்லா இருந்தா அந்தப் புள்ளைக்கு அவ்வளவு பேசற வேலை இருக்காதுன்னு நான் நெனச்சுக்குவேன்.

அப்படித்தானுங்க இந்த லென்ஸை வாங்கற யோசனை வந்துச்சு. வந்தது போகல. கிராஸ்கட் ரோட்டுல ஒரு கடையில வெச்சிருந்தாங்க. போயிக் கையில வாங்கிப் பாப்பேன், திருப்பிக் குடுத்துருவேன். மறுபடி போவேன். கடைக்காரப் பையன் என்னையப் பாத்ததும் கேக்காமயே அலமாரியைத் தொறப்பான். வாங்கலாம்னு போயி வேண்டாம்னு வருவேன். வேண்டாம்னு படுத்தா வாங்கலாம்னு எந்திரிப்பேன். யூடியூப்ல ஒருத்தன் இதை வாங்குனா வாழ்க்கையே மாறும்ங்கறான், இன்னொருத்தன் முதுகு போயிரும்ங்கறான். அதனால நானே டெஸ்ட் பண்ணீருவம்னு அரிசியை இதே கனத்துக்கு ஒரு துணிப்பையில கட்டிக் கழுத்துல மாட்டிட்டு ஊட்டுக்குள்ள நடந்தனுங்க. ஒரு மேட்ச் முடியற நேரம் வரைக்கும் அதைக் கண்ணுக்கு நேரா ரெண்டு கையில தூக்கிப் புடிச்சேன். பூங்கொடி பாத்துட்டு, "எந்தச் சாமிக்குங்க வேண்டுதலு?"ன்னா. பாப்பாவும் சிரிச்சா. நான் நிறுத்தல. கையி நடுங்குச்சு, ஆனாத் தாங்குச்சு. அப்பறம்தான் வாங்குனேன்.

மொத நாள் எடுத்த படத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்க. பாப்பா எகிறி நிக்கறா. காலு ரெண்டும் தரையில இல்லை. நெத்தியில இருந்து ஒரு சொட்டு வேர்வை பிரிஞ்சு காத்துல நிக்குது. பந்தோட எறகு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு தம்பி. இத்தனை நாளும் என்ற பொண்ணு இப்படி இருந்திருக்கறா, நான் புகையைப் பாத்துட்டு இருந்திருக்கேன்னு நெனச்சேன். பாப்பாவும் அதைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தா. "நான் இப்படியாப்பா இருக்கறேன்?"னு கேட்டா. சந்தோசமுங்க அவளுக்கு.

தெளிவாத் தெரிஞ்சா என்ன ஆகும்னா, எல்லாம் தெரியும். முழங்கை கீழ எறங்கியிருக்கறது தெரியும். இடது காலு லேட்டா வர்றது தெரியும். பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? நான் படத்தை டிவியில போட்டு, கம்ப்யூட்டர்ல செகப்பு வட்டம் போட்டுக் காமிச்சேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்ச நேரம், அவ்வளவுதான். "பாரு பாப்பா, இங்க மணிக்கட்டு மடங்கல. இங்க பாரு, பந்து வர்றதுக்கு முன்னாலயே பயந்துட்டே, மொகத்துல தெரியுது." மொகத்துக்கும் ஒரு வட்டம் போடுவனுங்க. பயத்தையே படம் புடிக்குது இந்த லென்ஸு, வேற எதுல கெடைக்கும் உங்களுக்கு? அவளோட கோச்சு மேடம்கூட ஒருக்கா, "சார், இவ்வளவு வேண்டாம், சின்னப் புள்ளை"ன்னாங்க. அவங்களுக்கு ஒரு சங்கடமுங்க. அவங்க கண்ணுக்குப் படாததை நான் கண்டுபுடிக்கறனல்ல.

என்ன கேட்டீங்க? இல்லீங்க, அப்பறம் அவ்வளவாப் பேச மாட்டா. வண்டியில வரும்போது காதுல பாட்டு மாட்டிக்குவா. ஸ்கூல் பாடம் கஷ்டமுங்க, களைச்சுப் போயிருப்பா. பேசறதுக்கும் ஒண்ணும் இல்லையே, எல்லாம் படத்துல இருக்குதே. ஆட்டமும் கொஞ்சம் கொறைஞ்சாப்பல இருந்துச்சு. அதைக் கொறைஞ்சதுன்னு சொல்லக்கூடாது, முன்னாடி புகையாத் தெரிஞ்சதால நல்லா ஆடறாப்பல இருந்துச்சு. இப்பத் தெளிவாத் தெரியுது, அதான் வித்தியாசம். பூங்கொடிகிட்ட இதைச் சொன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்துட்டுத் தோசையைத் திருப்பப் போயிட்டா.

அப்பறம்தானுங்க அந்த செமி பைனல். போன சீசன்ல, ஜில்லா அளவுல. நான் சைடுல நல்ல எடமாப் பாத்து நின்னுட்டேன். மொத கேம் பாப்பா ஜெயிச்சா. ரெண்டாவது கேம் போயிட்டு இருக்கறப்ப அம்பயர் எந்திரிச்சு நேரா எங்கிட்ட வர்றாரு. "சார், கேமராவை உள்ள வைங்க"ங்கறாரு. "ஏனுங்க, நான் ஃபிளாஷே போடலியே"ன்னேன். "பிளேயர் கேட்டுக்கிட்டாங்க"ன்னாரு. எதிர் சைடு புள்ளை கெட்டிக்காரி, நம்ம பக்கத்தைக் கலைக்கப் பாக்கறான்னு நெனச்சேன். "அந்தப் புள்ளைக்கு நான் என்ன இடைஞ்சல் பண்ணுனேன்?"னு சத்தம் போட்டனுங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அம்பயர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ளை இல்லைங்க. உங்க பொண்ணு"ன்னாரு.

எனக்குப் பொக்குன்னு போச்சு. வெளிய வந்துட்டேன். வெளிய வந்து நின்னா மனசு கேக்குதுங்களா? உள்ள சத்தம் கேக்குது, கை தட்டறாங்க, யாருக்குன்னு தெரியல. கதவுல ஒரு சின்னக் கண்ணாடி இருந்துச்சு. லென்ஸை அதுல ஒட்ட வெச்சேன். அம்பயர் உள்ள வைங்கன்னுதான் சொன்னாரு, வெளிய இருந்து எடுக்கக்கூடாதுன்னு சொல்லல. அதுல எடுத்ததுதானுங்க இது, என்ற போன்ல ஏத்தி வெச்சிருக்கறேன். இருங்க, பெருசாக் காட்டறேன். இதுக்காகவே உங்களை உக்கார வெச்சேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவ்வளவு தூரம், அந்த மங்கல் வெளிச்சம். பாருங்க, கண்ணு எமை ஒவ்வொண்ணும் தெரியுது. கடைசி பாயிண்ட்டு அது. பந்து அவ பின்னால உளுந்து கெடக்குது. அவ பந்தைப் பாக்கல, நேரா லென்ஸைப் பாக்கறா. மொகத்துல என்ன ஒரு தெளிவு. கண்ணுல தண்ணி கட்டி நிக்கறதுகூடத் தெரியுதுங்க. லென்ஸோட வித்தையைக் காட்டறதுக்கு இதைவிட நல்ல சாம்பிள் எங்கிட்ட இல்லை. இந்த ஒரு படத்துக்கே நீங்க இதை வாங்கலாம்.

ஏன் போனைக் கீழ வெச்சுட்டீங்க? நல்லா இல்லீங்களா?

சரி. அப்பறம் பாப்பா என்ற வண்டியில வர்றதில்லை. அம்மாகூட டவுன் பஸ்ல போறா, வர்றா. கோவமெல்லாம் இல்லீங்க, எங்கூடப் பேசுவா. தண்ணி வேணுமாப்பான்னு கேப்பா. நான் கோர்ட்டுப் பக்கம் போறது நின்னுபோச்சு. போன வாரம் அவளே வந்து, "அப்பா, பைனலுக்கு வந்திருக்கறேன். நீங்க வாங்க. அது வரக்கூடாது"ன்னா. அதுன்னா இந்த லென்ஸு. "ஊட்லயே வெச்சுட்டு வர்றேன் கண்ணு"ன்னேன். "வெச்சுட்டு வந்தா அங்க உக்காந்து இதையே நெனச்சுட்டு இருப்பீங்க. வித்துட்டு வாங்க"ன்னா. அன்னைக்கே போன்ல படம் புடிச்சு வெளம்பரம் போட்டுட்டா. பாத்தீங்களா, அப்பனைப் பத்தி எவ்வளவு கரெக்டாப் புரிஞ்சு வெச்சிருக்கா?

இருங்க, போன் அடிக்குது. பூங்கொடிதான். சொல்லு அம்மிணி. ஆமா, வந்துட்டாரு. பேசிட்டு இருக்கோம். நான் பேசறனா அவரு பேசறாரான்னா என்ன அர்த்தம்? ரெண்டு பேரும்தான் பேசறோம். குடுத்தாச்சு, குடுத்தாப்பலதான். பாப்பாவுக்கு முன்னாடி நடக்கற மேட்ச்சே இன்னும் முடியலையா? சரி, சரி, வந்தர்றேன். வை.

கேக்கறாங்க, குடுத்தாச்சான்னு. இவ்வளவு அவசரப்பட்டா எப்படிங்க? ஒரு பொருளை நாலையும் சொல்லித்தானே குடுக்கோணும். நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு இது தேவைதானா? பரதத்துக்கு ஒரு சின்ன லென்ஸு போதுமுங்க. ஓட்டமில்லையே, நின்னு நின்னுதானே ஆடுவாங்க. இல்லை, வேணும், ஏன்னா மொகபாவம் தெரியோணும். வாங்குனா டிவியில போட்டுப் பாருங்க, தாளம் தப்புன எடம் மொகத்துலயே தெரிஞ்சுரும். ஆனா உங்க தோள்பட்டை இதைத் தாங்குமான்னுதான் எனக்குச் சந்தேகம். ஒருக்காத் தூக்கிப் புடிங்க, பாப்போம். இன்னும் கொஞ்சம் மேல. ம்.

எனக்கு ஒரு ரோசனை தோணுதுங்க. டெஸ்ட் பண்ணாம யாராவது இதை வாங்குவாங்களா? ஊட்டுக்குள்ள என்ன டெஸ்ட் பண்ண முடியும், இந்தக் காலண்டரையா எடுப்பீங்க? என்ற வண்டியில ஏறுங்க. கேமராவும் நான் தர்றேன். நேரா மேட்சுக்குப் போயிரலாம். லென்ஸு உங்க கையில இருக்குது, அப்ப நான் கொண்டாந்ததா ஆகாதுல்ல. நீங்கதான் எடுக்கறீங்க, நான் எடுக்கல. நான் பக்கத்துல சும்மா நிக்கறேன். எப்ப அமுக்கோணும்னு மட்டும் உங்க முதுகுல லேசாத் தட்டறேன், வேற ஒண்ணும் இல்லை. மேட்ச் முடிஞ்சதும் நீங்க அப்படியே எடுத்துட்டுப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறீருங்க. வித்ததும் ஆச்சு. பாப்பாகிட்டச் சொன்ன சொல்லும் நிக்கும். என்ன சொல்றீங்க?

ஏன் தலையை ஆட்டறீங்க? முடியாதா? டைம் இல்லையா?

பாப்பா சொன்னாளா? உங்ககிட்டயா? என்ன சொன்னா?

மறுபடி சொல்லுங்க தம்பி. "எங்கப்பா பேசிட்டே இருப்பாரு. நீங்க சட்டுன்னு வாங்கிட்டு அவரைக் கெளப்பி உட்டுருங்கண்ணா. அவரு வந்து உக்காந்ததைப் பாத்துட்டுத்தான் நான் உள்ள எறங்குவேன்." அப்படியேவா சொன்னா? அவ வாயாலயா? நீங்களா ஒண்ணும் சேத்துச் சொல்லலியே?

இருங்க. ஒரு நிமிசம் இருங்க, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வெக்கறேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, நீங்க இனி என்னையப் பாக்கவா போறீங்க. லென்ஸை ஒரு சாக்காச் சொல்றா, வேண்டாம்ங்கறது என்னையத்தான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. இதை வித்துப்போட்டுப் போயி, அப்பவும் அவ மொகத்தைத் திருப்பிக்கிட்டான்னா நான் எதைக் குத்தம் சொல்றது? இது கையில இருக்கற வரைக்கும் இது மேல பழி போட்டுக்கலாம். உங்களுக்கு முன்னாடி லென்ஸைப் பாக்க வந்தவங்க ரெண்டு பேரை இப்படித்தானுங்க பேசிப் பேசியே திருப்பி அனுப்பிச்சேன். பாப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்குது. அதான் உங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கா. என்ற புள்ளை எனக்காகக் கோர்ட்டு வாசல்ல நிக்கறா, நான் இங்க காலண்டரைக் காட்டிப் பேசிட்டு இருக்கறேன்.

புடிங்க. எடுத்துட்டுப் போங்க. இது மூடி, இது பின்னால மாட்டறது. இந்தப் பையிலயே வெச்சுக்குங்க, உறுத்தாம இருக்கும். பணத்தைப் பாப்பா நம்பருக்கே அனுப்பிச்சுருங்க, அவ போட்ட வெளம்பரம்தானே. மழையில நனைய உட்டுறாதீங்க. பஸ்ல மேல வெக்காதீங்க, மடியில வெச்சுக்குங்க. சரி, சரி, சொல்லல. நீங்க பாத்துக்குவீங்க.

வண்டிச் சாவி எங்க வெச்சேன்? இங்கதான் இருக்குது. வாங்க, உங்களைப் பஸ் ஸ்டாப்புல எறக்கி உட்டுட்டுப் போறேன். இல்லீங்க, நேரம் இருக்குது, பேச மாட்டேன், நேரா உட்டுருவேன். செருப்பைப் போடுங்க. ஏனுங்க தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. எனக்கு நெசமாவே தெரியலைங்க. உங்க பொண்ணு மேடையில ஆடறப்ப, கீழ உக்காந்து பாக்கறீங்கல்ல, அப்ப ரெண்டு கையையும் நீங்க எங்க வெச்சுக்குவீங்க?